வெக்கை நோய்: இல்லை என்று நிரூபித்த கணக்கு



வழமையாக இந்த நேரத்தில் வரி, ஓய்வூதியம், வீட்டுக்கடன் என்று பேசுகிற நான் இந்த மாதம் மாடுகளைப் பற்றிப் பேசப் போகிறேன். கணக்காளனுக்கும் மாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் நினைக்கலாம். தமிழிலே 'மாடு' என்ற சொல்லுக்குச் செல்வம் என்றும் ஒரு பொருள் இருக்கிறது. ஆகவே நான் தொழிலை விட்டு அதிக தூரம் போகவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு கேள்வி. இந்த உலகத்திலிருந்து மனிதன் முற்றாக ஒழித்த நோய்கள் எத்தனை? பெரியம்மை என்று உடனே சொல்வீர்கள். சரிதான். 1980 இல் அது ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. அடுத்தது? போலியோவா? இல்லை, அது இன்னும் முடியவில்லை. இரண்டாவது நோய் மனிதருடையதே அல்ல, மாடுகளுடையது. ஆங்கிலத்தில் 'ரின்டர்பெஸ்ற்' என்பார்கள். தமிழ்நாட்டில் வெக்கை நோய் என்று பெயர். 2011 மே மாதம் பாரிசில் உள்ள உலக விலங்கு நல அமைப்பும், யூன் மாதம் ரோமில் உள்ள ஐ.நா. உணவு விவசாய அமைப்பும், இந்த நோய் உலகில் இனி இல்லை என்று அறிவித்தன. எங்கள் வானொலியிலே அந்த வாரம் இதைப்பற்றி ஒரு வரி போனதாக எனக்கு ஞாபகம் இல்லை. மற்ற ஊடகங்களிலும் பெரிய ஆரவாரம் இருக்கவில்லை.

இந்த நோய் வந்த மாட்டுக்குக் காய்ச்சல் அடிக்கும், கண்ணாலும் மூக்காலும் நீர் வடியும், வாய்க்குள்ளே புண் வரும், பிறகு கடும் கழிச்சல். அநேகமாக இரண்டு வாரத்துக்குள் முடிந்துவிடும். ஒரு பட்டியிலே புகுந்தால், முன்பு அந்த நோயைக் கண்டிராத மாடுகள் பத்தில் எட்டு, ஒன்பது செத்துப் போகும். மனிதருக்குத் தொற்றாது. ஆனால் எங்கள் பிள்ளைகளுக்கு வருகிற சின்னமுத்து வைரசுக்கு இது நெருங்கிய சொந்தம். சின்னமுத்து வைரசே பழங்காலத்தில் மாட்டு வைரசின் முன்னோர் ஒன்றிலிருந்து பிரிந்து வந்தது என்றுதான் ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள்.

மிருக வைத்தியக் கல்லூரி என்ற ஒன்று உலகத்தில் தோன்றியதற்கே இந்த நோய் ஒரு முக்கிய காரணம். பிரான்சின் லியோன் நகரில் 1761 இல் குளோட் பூர்ஜெலா என்பவருக்கு அரசர் அனுமதி கொடுத்தபோது, மாடுகளைக் கொல்லும் கொள்ளை நோய்க்கு வழி காண்பதே முக்கிய நோக்கமாக இருந்தது. முப்பது வருடம் கழித்து, 1791 இல், இங்கே இலண்டன் கம்டனில் கல்லூரி வந்தது. 1865 இல் அந்த நோய் இலண்டனுக்கே வந்துவிட்டது. இஸ்லிங்ரன் பகுதிப் பாற்பண்ணைகளில் முதலில் கண்டார்கள். அந்தக் காலத்தில் இலண்டன் நகருக்குள்ளேயே மாட்டுத் தொழுவங்கள் இருந்தன. இலட்சக்கணக்கான மாடுகள் போயின. மருந்து இல்லை, வைரஸ் என்றால் என்னவென்று எவருக்கும் தெரியாது. ஆனாலும் நோயுள்ள மாட்டைக் கொன்று புதைப்பது, சந்தையை மூடுவது, மாடுகளை ஊர்விட்டு ஊர் கொண்டுபோகத் தடை என்று சட்டம் போட்டு இரண்டு வருடத்தில் அடக்கினார்கள். பிரித்தானிய அரசின் மிருக வைத்தியச் சேவை பிறந்தது அந்தக் கலவரத்தில்தான்.

இனி எங்களுக்கு நெருக்கமான பகுதிக்கு வருகிறேன்.

இந்த நோய் பெரும்பாலும் படைகளோடு நடந்து போயிருக்கிறது. படைக்குச் சாப்பாடு வேண்டும். குளிர்சாதன வசதி இல்லாத இடத்தில் இறைச்சியை உயிரோடுதான் கொண்டுபோக வேண்டும். 1887 இல் இத்தாலியப் படை செங்கடல் கரையில் மசாவா துறைமுகத்தில் இறங்கியிருந்தபோது, படையினரின் உணவுக்கென்று இந்தியாவிலிருந்து கொண்டுவந்த மாடுகளோடு நோயும் இறங்கியது என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். பத்து வருடத்துக்குள் அது ஆபிரிக்காவின் தெற்கு முனை வரை போய்விட்டது. எதியோப்பியாவில் உழவு மாடு இல்லாமல் வயல்கள் கிடந்தன. தொடர்ந்து வந்த பஞ்சத்தில் மக்களில் மூன்றில் ஒரு பங்கு அழிந்திருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். மாடு செத்துப் பிறகு மனிதர் செத்த கதை அது.

சரியாக நூறு வருடம் கழித்து, 1987 இல், அதே மாதிரி ஒன்று எங்கள் மண்ணிலே நடந்தது. இலங்கையில் நாற்பது வருடத்துக்கு மேலாக இந்த நோய் இருக்கவில்லை. அந்த வருடம் இந்திய அமைதிப்படை வடக்குக் கிழக்குக்கு வந்ததை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அந்தப் படையின் உணவுக்காக இந்தியாவிலிருந்து உயிரோடு கொண்டுவரப்பட்ட ஆடுகளோடு வெக்கை நோய் இலங்கைக்குள் மீண்டும் புகுந்தது என்றுதான் மிருக வைத்திய ஆய்வு நூல்களில் பதிந்திருக்கிறார்கள். ஆடு இந்த நோயைச் சுமந்தாலும் மாடு மாதிரி விழுந்து சாகாமல் இருக்கலாம். ஆகவே கப்பலில் ஏற்றியவருக்கும் தெரிந்திராது, இறக்கியவருக்கும் தெரிந்திராது. அந்த இலங்கை வைரஸ் மாதிரியை வைத்து, செம்மறியிலும் வெள்ளாட்டிலும் அது எப்படி நடந்துகொள்கிறது, எப்படித் தொற்றுகிறது என்று பரிசோதித்த ஆய்வுக் கட்டுரையும் 1990 இல் வெளிவந்தது.

இதை நான் அரசியலுக்காகச் சொல்லவில்லை. அந்தக் காலத்தைப் பற்றி ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கதை இருக்கிறது. மனிதருக்கு நடந்ததை எண்ணவே ஆளில்லாத நாட்களில் மாட்டை யார் எண்ணினார்கள்? ஆனால் மாடு என்றால் எங்கள் ஊரில் என்ன என்று இங்கே பிறந்த பிள்ளைகளுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்தில் வீட்டுக்கு ஒன்றிரண்டு பசு. வன்னியிலும் மட்டக்களப்பின் படுவான்கரையிலும் பட்டி பட்டியாக, குறி சுட்ட மாடுகள். தயிர்ச் சட்டி, வயலுக்கு எரு, மகளின் கல்யாணச் செலவு, மகனை வெளிநாட்டுக்கு அனுப்பிய காசு, எல்லாம் அந்தப் பட்டியிலிருந்துதான் வந்தன. வங்கிப் புத்தகம் இல்லாத சனத்துக்கு அதுதான் வங்கி. இடம்பெயரும்போது கயிற்றை அவிட்டுவிட்டு வந்தோம் என்று சொல்லும் பெரியவர்கள் எத்தனை பேர் இன்றைக்கும் இலண்டனில் இருக்கிறார்கள். என் தொழில் மொழியில் சொன்னால், எந்த ஐந்தொகையிலும் ஏறாத சொத்து, எந்த நட்டக் கணக்கிலும் எழுதப்படாத இழப்பு.

நோய் இலங்கையில் 1994 வரை நின்றது. தடுப்பூசி இருந்தும் ஏன் அவ்வளவு காலம் என்று கேட்டால், தடுப்பூசி என்பது வெறும் மருந்தல்ல, அது மாட்டின் தோள்வரை போய்ச் சேர வேண்டிய பொருள். போர் நடக்கும் இடத்தில் பனிக்கட்டிப் பெட்டியோடு ஒரு மிருக வைத்தியர் எப்படிப் போய் வருவது? இந்தியாவிலும் கிட்டத்தட்ட அதே காலத்தில்தான் முடிவு வந்தது. அங்கே கடைசியாகப் பதிவான நோய் 1995 இல், அதுவும் தமிழ்நாட்டிலே.

இந்தத் தடுப்பூசியைச் செய்தவர் வோல்ரர் பிளவ்றைற் என்ற ஆங்கிலேய மிருக வைத்தியர். கென்யாவில் முகுகா என்ற இடத்து ஆய்வுகூடத்தில், கன்றின் சிறுநீரகக் கலங்களில் வைரசை மீண்டும் மீண்டும் வளர்த்து, ஏறத்தாழத் தொண்ணூறு தடவை வளர்த்து, அதன் கொடுமையை எடுத்துவிட்டார். விலை மலிவு. ஒரே ஊசியில் மாட்டின் ஆயுளுக்கும் பாதுகாப்பு. 1999 இல் அவருக்கு உலக உணவுப் பரிசு கொடுத்தார்கள். குறை ஒன்றுதான், சூடு பட்டால் மருந்து கெட்டுவிடும்.

அதைத் தீர்த்ததில் அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்தில் உள்ள ரவ்ற்ஸ் பல்கலைக்கழக மிருக வைத்தியக் கல்லூரிக்குப் பெரிய பங்கு உண்டு. ஜெஃப்ரி மரைனர் என்பவர் அதே வைரசை வேறு வகைக் கலத்தில் வளர்த்து, உலர்த்தும் முறையையும் மாற்றி, குளிர்சாதனப் பெட்டி இல்லாமல் ஒரு மாதம் வரை தாங்கக்கூடிய தடுப்பூசியைச் செய்தார். இது பெரிய தத்துவக் கண்டுபிடிப்பு ஒன்றுமல்ல. ஆனால் அதன் விளைவைப் பாருங்கள். ஊசி மருந்தைத் தோளில் ஒரு பையில் போட்டுக்கொண்டு நடந்து போகலாம் என்றால், வைத்தியரே போகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தென் சூடானில் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தபோது, மாடு மேய்க்கும் இளைஞர்களையே பழக்கி அனுப்பினார்கள். 1993 இல், ஒரே வருடத்தில், பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட மாடுகளுக்கு ஊசி போட்டார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் அதில் இருந்தார்கள். தங்கள் மாட்டின் கண்ணீரைப் பார்த்தே இது அந்த நோய்தான் என்று சொல்ல அவர்களுக்குத் தெரிந்திருந்தது. படித்த வைத்தியர்கள் அவர்களிடம் உட்கார்ந்து கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். பிறகு அதுவே ஒரு துறையாகப் பல்கலைக்கழகங்களில் படிப்பிக்கப்படுகிறது.

நேயர்களே, இனி வருவதுதான் ஒரு கணக்காளனாக என்னை இந்தக் கதைக்குள் இழுத்துப் போட்டது.

1962 முதல் 1976 வரை ஆபிரிக்காவில் இருபத்திரண்டு நாடுகளைச் சேர்த்து ஒரு மாபெரும் தடுப்பூசித் திட்டம் நடந்தது. கோடிக்கணக்கான ஊசிகள். நோய் கிட்டத்தட்ட மறைந்தது. எல்லோரும் வெற்றி என்று கைகுலுக்கி, பணத்தையும் ஆட்களையும் வேறு வேலைக்குத் திருப்பினார்கள். 1980களின் தொடக்கத்தில் நோய் திரும்பி வந்தது. நைஜீரியாவில் மட்டும் இலட்சக்கணக்கான மாடுகள். எங்கே பிழைத்தது? போட்ட ஊசிகளை எண்ணினார்களே தவிர, மிஞ்சியிருந்த நோயை எண்ணவில்லை. செலவைக் காட்டும் கணக்கு இருந்தது, கையிருப்பைச் சரிபார்க்கும் கணக்காய்வு இருக்கவில்லை. கம்பனிகளிலும் இதைத்தான் பார்க்கிறேன், அதை இன்றைக்கு விடுவோம்.

1994 இல் உணவு விவசாய அமைப்பு உலகளாவிய ஒழிப்புத் திட்டத்தைத் தொடங்கி, 2010 என்று தவணை வைத்தது. இந்தத் தடவை முறை வேறு. 'இல்லை' என்பதை நிரூபிக்க வேண்டும். இருக்கிறது என்று நிரூபிக்க ஒரு மாடு போதும். இல்லை என்று நிரூபிக்க எத்தனை மாடு வேண்டும்?

இதற்கு முதலில் நல்ல பரிசோதனை வேண்டும். வோக்கிங்குக்கும் கில்ட்ஃபோட்டுக்கும் பக்கத்திலே, எங்களில் பலர் கோவிலுக்கும் கல்யாண மண்டபத்துக்கும் போகிற பாதைக்கு அருகே, பிர்பிறைற் ஆய்வுகூடம் இருக்கிறது. அங்கே உருவான ஒரு இரத்தப் பரிசோதனை இந்தத் திட்டத்தின் முதுகெலும்பாக இருந்தது. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியில் சங்கீதக் கதிரை விளையாடியிருப்பீர்கள். அதே மாதிரித்தான். தொண்ணூற்றாறு சிறு குழிகள் உள்ள ஒரு பிளாஸ்ரிக் தட்டில், ஒவ்வொரு குழியின் அடியிலும் நோய் வைரசின் கூறுகளை ஒட்டிவிடுகிறார்கள். அவை கதிரைகள். மாட்டின் இரத்த நீரைச் சேர்க்கிறார்கள். பிறகு ஆய்வுகூடத்தில் செய்த, அந்தக் கதிரையில் மட்டுமே உட்காரத் தெரிந்த ஒரு பிறபொருளெதிரியைச் சேர்க்கிறார்கள். மாட்டுக்கு முன்பு நோய் வந்திருந்தால் அதன் இரத்தத்திலுள்ள பிறபொருளெதிரிகள் கதிரைகளை ஏற்கனவே பிடித்திருக்கும். ஆய்வுகூடத்தது நின்றுகொண்டே வெளியே போகும், நிறம் வராது. நோயே காணாத மாடு என்றால் கதிரைகள் காலி, நிறம் வரும். இந்தப் பரிசோதனைப் பெட்டிகளை ஆபிரிக்க, ஆசிய ஆய்வுகூடங்களுக்குக் கொடுத்துப் பழக்குவதில் வியன்னாவிலுள்ள சர்வதேச அணுசக்தி முகமையும் பங்கெடுத்தது. அணுகுண்டு பற்றி மட்டுமே செய்தியில் வருகிற அமைப்பு.

இங்கேதான் ஒரு பெரிய சிக்கல். ஊசி போட்ட மாட்டின் இரத்தமும், நோய் வந்து பிழைத்த மாட்டின் இரத்தமும் இந்தப் பரிசோதனையில் ஒரே மாதிரித்தான் இருக்கும். பிரித்து அறிய வழியில்லை. ஆகவே நோய் இல்லை என்று காட்ட வேண்டுமானால் முதலில் ஊசியை நிறுத்த வேண்டும்! நிறுத்திய பிறகு பிறந்த இளம் மாடுகளைச் சோதித்து, அவற்றில் ஒன்றிலும் பிறபொருளெதிரி இல்லை என்று காட்ட வேண்டும். யோசித்துப் பாருங்கள். இருபது முப்பது வருடமாக ஊசி போட்டு மாட்டைக் காப்பாற்றிய ஒரு நாட்டின் அதிகாரிக்கு, நாளையிலிருந்து நிறுத்து என்கிறார்கள். வைரஸ் எங்காவது ஒளிந்திருந்தால், பாதுகாப்பே இல்லாத ஒரு தலைமுறைக் கன்றுகள் அதற்கு இரை. பழி யார் தலையில்? பல நாடுகள் தயங்கியதில் ஆச்சரியமே இல்லை. இந்தத் திட்டத்தில் மிகத் துணிச்சலான முடிவு என்று நான் கருதுவது ஊசி போட்டதை அல்ல, நிறுத்தியதைத்தான்.

எத்தனை மாடு என்ற கேள்விக்கு வருவோம். ஒரு நாட்டின் பட்டிகளில் நூற்றுக்கு ஒன்றில் நோய் ஒளிந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். குலுக்கல் முறையில் ஒரு பட்டியை எடுத்தால் அது சுத்தமானதாக இருக்க நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது வாய்ப்பு. இரண்டு பட்டி என்றால் அதையும் அதையும் பெருக்க வேண்டும். இப்படியே 300 பட்டி எடுத்து ஒன்றுகூட அகப்படாமல் போவதற்கு வாய்ப்பு நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு. கல்குலேற்றரில் 0.99 ஐ முந்நூறு தடவை பெருக்கிப் பாருங்கள், 0.049 வரும். ஆகவே கோடி மாடு உள்ள நாட்டிலும் சுமார் முந்நூறு பட்டிகளைப் பாரபட்சமின்றித் தெரிந்தெடுத்தால் ஓரளவு நம்பிக்கையோடு கையெழுத்துப் போடலாம். ஆனால் அந்த 'பாரபட்சமின்றி' என்ற சொல் முக்கியம். தார் ரோட்டுக்குப் பக்கத்துப் பட்டியாகப் பார்த்து எடுத்தால் கணக்கு பொய். குலுக்கலில் வந்த பட்டி ஐந்து நாள் நடைத்தூரத்தில், துப்பாக்கிக்காரர் நடமாடும் இடத்தில் இருந்தால் அங்கேதான் போக வேண்டும். போனார்கள். சோமாலியா எல்லையில் மாட்டுக்கு மிக இலேசாக மட்டும் வரும் ஒரு வகை வைரஸ் பல வருடம் கண்ணாமூச்சி காட்டியது. கடைசியாக நோய் உறுதிப்படுத்தப்பட்டது 2001 இல், கென்யாவின் மேரு தேசியப் பூங்காவில், வளர்ப்பு மாட்டில் அல்ல, காட்டு எருமையில். அதன் பிறகும் பத்து வருடம் தேடிவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்கள்.

நோய் ஒழிந்தாலும் வைரஸ் போத்தல்களில் மிஞ்சியது. பல நாட்டு ஆய்வுகூடங்களின் உறைகுளிர்ப் பெட்டிகளில் மாதிரிகள் இருந்தன, சில இடங்களில் இன்னும் இருக்கின்றன. இது வெறும் பயமல்ல. 2007 ஓகஸ்டில் சறே பகுதியில் கோமாரி என்கிற கால் வாய் நோய் வந்தபோது, வைரஸ் அதே பிர்பிறைற் வளாகத்திலிருந்து, பழுதடைந்த கழிவுநீர்க் குழாய்கள் வழியாக வெளியேறியிருக்கிறது என்றே விசாரணைகள் முடிவு செய்தன. 2019 இல் பிர்பிறைற் தன்னிடமிருந்த கடைசி வெக்கை நோய் மாதிரிகளை, அவற்றின் மரபணு வரிசையை முழுவதும் பதிந்துவிட்டு, அழித்தது. எழுத்து இருக்கிறது, வைரஸ் இல்லை. எல்லா நாடுகளும் அப்படிச் செய்யவில்லை என்பது என் மனக்குறை.

இந்த வைரசுக்கு ஒரு தம்பி உண்டு, ஆட்டுக்கொல்லி நோய். செம்மறிக்கும் வெள்ளாட்டுக்கும் வருவது. அதை 2030 க்குள் ஒழிப்பதென்று 2015 இல் உலக அமைப்புகள் இலக்கு வைத்தன. வெப்பம் தாங்கும் ஊசி, மேய்ப்பவரைப் பழக்குதல், முன்பு செய்த அதே வழிதான். மரைனர் அந்த வேலையிலும் இருந்தார். ஆனால் 2024 யூலையில் அது கிரேக்கத்திலும் ருமேனியாவிலும் தலைகாட்டியது. தவணைக்குள் முடியும் என்று பந்தயம் கட்ட நான் தயாரில்லை.

சில மாதத்துக்கு முன் ஒரு தாயார் நிலையத்துக்குத் தொலைபேசி எடுத்து, "அண்ணை, மகள் மாட்டு டொக்டருக்குப் படிக்கப் போறன் எண்டு நிக்கிறாள், சனம் என்ன சொல்லும்?" என்று கேட்டார். அக்கா, கம்டன் கல்லூரியில் இடம் கிடைப்பது மனித வைத்தியத்துக்குக் கிடைப்பதைவிட இலேசில்லை. ஐந்து வருடப் படிப்பு. கிடைத்தால் அனுப்புங்கள். சனத்துக்கு நான் பதில் சொல்கிறேன்.

நேரம் முடிகிறது, நடைமுறை விசயம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 2025 தொடக்கத்தில் ஜேர்மனியிலும் பிறகு ஹங்கேரியிலும் ஸ்லோவாக்கியாவிலும் கால் வாய் நோய் வந்தது. அதனால் அந்த வருடம் ஏப்ரல் 12 முதல், ஐரோப்பிய நாடுகளிலிருந்து பயணிகள் மாடு, ஆடு, பன்றி இறைச்சியையும் பால் பொருட்களையும் பிரித்தானியாவுக்குள் கொண்டுவருவதைத் தடை செய்தார்கள். இலங்கை, இந்தியாவிலிருந்து இறைச்சியும் பாலும் கொண்டுவருவது அதற்கு வெகு முன்பிருந்தே தடை. பாரிஸ் லா சப்பேலில் வாங்கிய மட்டன் றோல்ஸ், ஊரிலிருந்து மாமி கட்டித்தந்த நெய்ப் போத்தல், இரண்டுமே இதில் அடங்கும். பயணத்துக்கு முன்பு அன்றைய விதியை அரசாங்க இணையத்தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். றோல்ஸை அங்கேயே சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

அடுத்த மாதம் வரிப் படிவங்களோடு சந்திப்போம்.